எஃப்.பி.எஸ். அண்ணன்

ஒரகடத்தில் இரவு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில் எல்லா வகை மனிதரையும் பார்க்கலாம். பஸ் ஏறியதும் தூங்குகிறவர், ஏறுவதற்கு முன்பே தூங்குகிறவர், ஏலச்சீட்டுக்கு ஆள் பிடிக்கிறவர், யூனியன் பேசுகிறவர், யூனியன் பேசுகிறவரைக் கண்டதும் சீட்டு மாறுகிறவர். இவர்கள் யாரோடும் சேராமல், போனில் ஒரு கிராபிக்ஸ் கார்டின் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். பெண் வீட்டுக்காரர்கூட மாப்பிள்ளை போட்டோவை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார். அவர்தான் எஃப்.பி.எஸ். அண்ணன்.

வல்லம், மாத்தூர், எறையூர், சுங்குவார்சத்திரம் என்று எங்கெல்லாம் "பேச்சிலர்களுக்கு ரூம் கிடைக்கும்" என்ற போர்டு தொங்குகிறதோ, அங்கெல்லாம் இவர் உண்டு. படிப்பு டிப்ளமா மெக்கானிக்கல். பதவி டிரெய்னி, மூன்று வருடமாக டிரெய்னிங் முடியவில்லை. ஒரு ரூமில் நாலு பேர், ஒரு பாத்ரூம், ஒன்றரை பக்கெட். ஊருக்கு அனுப்பியது போக, மெஸ் கணக்கு தீர்த்தது போக, கையில் நிற்பதெல்லாம் ஜன்னலோரம் ஸ்டூல் மேல் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போய்விடும்.

ஊரில் ஒருவரைப் பார்த்தால் "சாப்டாச்சா?" என்பது வழக்கம். இவர் "எவ்ளோ வருது?" என்பார். புதிதாக வந்தவர்கள் சம்பளத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, பிடித்தம் போக வருவதைச் சொல்லிவிடுவார்கள். அண்ணன் பொறுமையாகத் திருத்துவார்: "அது இல்லப்பா. ஃபிரேம் எவ்ளோ வருது?"

ஆன்லைன் விளையாட்டில் கம்ப்யூட்டர் ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைந்து காட்டுகிறது என்பதே ஃபிரேம் கணக்கு, அதாவது எஃப்.பி.எஸ். சினிமாவுக்கு நொடிக்கு 24 படம் போதும். பேசும்படம் வந்த நாளிலிருந்து அந்த இருபத்து நாலிலேயே நாம் அழுதிருக்கிறோம், விசிலடித்திருக்கிறோம், கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றியிருக்கிறோம். இதை அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். "சினிமால நீ சும்மா ஒக்காந்து பாக்குற. இங்க நீ சுடணும்" என்பார். பிறகு காற்றிலேயே கணக்குப் போடுவார்: 30 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 33 மில்லிசெகண்ட், 60 என்றால் 17-க்கும் கீழே. "எதிரி கதவைத் தாண்டுறதே அந்த மிச்சப் பதினாறுலதான்."

அண்ணனின் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. டெல் நிறுவனம் 2007 முதல் இதே வட்டாரத்து ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் செய்கிறது. அங்கே செய்த பெட்டி ஏதோ ஒரு சென்னை ஆபீசில் குத்தகைக்கு உழைத்து, குத்தகை முடிந்ததும் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு வந்து, அங்கிருந்து அண்ணனின் மடியில் ஆம்னி பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ ஏறி, பிறந்த வட்டாரத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பழைய ஆபீஸ் ஒட்டிய சொத்து நம்பர் ஸ்டிக்கரை அண்ணன் கிழிக்கவில்லை. "அது அதோட எம்ப்ளாயி ஐ.டி." உள்ளே இருப்பது 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ-5 ப்ராசஸர். "இதே ரோட்டுல மத்த கம்பெனியெல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் புதுசு தள்ளுது. பழசை ஓட வைக்கவும் ஒருத்தன் வேணும்ல?" என்று கேட்பார்.

அவருக்கு முந்தின தலைமுறைக்கு இந்தக் கவலை கிடையாது. 2006-இலிருந்து 2014 நவம்பர் வரை நோக்கியா இங்கே போன் செய்தது. அந்தக் காலத்து அண்ணன்கள் பஸ்ஸில் பாம்பு விளையாட்டு ஆடினார்கள். பாம்பு தன் வாலைத் தானே கடித்துச் செத்தது. ஃபிரேம் குறைந்துதான் கடித்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது ரூமில் ஓடுவது 2020 ஜூனில் வந்த வேலரண்ட் என்ற சுடும் விளையாட்டு. 2008-இல் வெளிவந்த கோர் 2 டியோ இ-8400 இருந்தாலே முப்பது ஃபிரேம் வரும் என்று விளையாட்டைச் செய்த கம்பெனியே பட்டியல் போட்டிருக்கிறது. அறுபது வேண்டுமென்றால் ஐ-3 4150-உம் ஜி.டி. 730 கார்டும். தன் ரத்த வகையைக் கேட்டால் யோசிக்கிற அண்ணன், இந்தப் பட்டியலைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்.

ஆகவே ஒரு வாராந்திர விடுமுறை நாள் ரிச்சி தெருவுக்குப் போகும். பெட்டி ஒல்லி என்பதால் கார்டு குட்டையாக இருக்கவேண்டும். பவர் சப்ளை சின்னது என்பதால் தனி மின்சார வயர் கேட்காத கார்டாக இருக்கவேண்டும். இதிலெல்லாம் தேறும் 730-இலும் ஒரு வில்லங்கம் உண்டு: ஒரே பெயரில் டி.டி.ஆர். 3 மெமரி போட்டதும் விற்கிறது, ஜி.டி.டி.ஆர். 5 போட்டதும் விற்கிறது. முன்னது நன்றாகவே மந்தம்.

"அண்ணா, இது டி.டி.ஆர். த்ரீயா, ஜி.டி.டி.ஆர். ஃபைவா?"

"தம்பி, பொட்டி மேல 730-னு போட்ருக்கு பாரு. 730-னா 730தான்."

"பிரிச்சுப் பாக்கலாமாண்ணா?"

"பிரிச்சா வாங்கணும்."

"வாங்கினாதான் பிரிப்பேன்னா, பிரிச்சாதான் வாங்குவேன்."

இந்த இடத்தில் கடைக்காரர் டீ சொல்வார். இரண்டாவது டீயில் பெட்டி பிரியும்.

தொழிற்சாலைக்காரர் என்பதால் அண்ணனின் வழிமுறைகள் எல்லாம் லைனிலிருந்து வந்தவை. "ஏழாவது ஸ்டேஷன் ஸ்லோவா இருக்கப்ப மூணாவது ஸ்டேஷனை வேகப்படுத்தினா என்ன ஆகும்? நடுவுல சரக்கு குவியும். அவ்ளோதான்." கம்ப்யூட்டரும் அப்படித்தான். ப்ராசஸர் திணறுகிறபோது கிராபிக்ஸ் கார்டு மாற்றிப் பயனில்லை. கார்டு திணறுகிறபோது ப்ராசஸரைத் தாஜா செய்து பயனில்லை. எது நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். ஷாப் ஃப்ளோரில் அண்ணனின் சூப்பர்வைசர் இதைச் சொன்னபோது எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். அண்ணன் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். சூப்பர்வைசர் அன்று வீட்டில் போய்ச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார்.

ஆட்டத்தில் செத்தால் சும்மா விடமாட்டார். உடனே ஒய்-ஒய் அனாலிசிஸ். ரூம்மேட்டுகள் சுற்றி உட்காரவேண்டும்.

"ஏன் செத்தேன்?"

"ஃபிரேம் விழுந்துச்சு."

"ஏன் விழுந்துச்சு?"

"ப்ராசஸர் சூடாச்சு."

"ஏன் சூடாச்சு?"

"ஃபேன்ல தூசி."

"ஏன் தூசி?"

"ஜன்னல் தொறந்திருந்துச்சு."

"ஏன் தொறந்தீங்க?"

"நீ சாக்ஸைக் கழட்டினே."

மூல காரணம் கிடைத்தாயிற்று. திருத்த நடவடிக்கை: சாக்ஸ் இனி மொட்டை மாடியில்.

சாக்ஸ் போனாலும் தூசி போகாது. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகிற சாலையோரம் ஜன்னல் வைத்த வீட்டில், பெட்டியைத் திறந்தால் ஒரு செங்கல் சூளைக்கு வேண்டிய மண் இருக்கும். சூடு எல்லை தாண்டினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் மாதம் ஒருமுறை அண்ணன் ப்ளோயர் அடிப்பார். காய்ந்து பொருக்காகிப்போன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் பட்டாணி அளவு புதிது வைப்பார். பெட்டியின் ஒரு பக்கக் கதவு நிரந்தரமாகக் கழன்றிருக்கும். ரூமின் ஒரே டேபிள் ஃபேன் அதன் எதிரே நிற்கும். நாலு மனிதர்கள் விசிறிக்கொண்டு தூங்குவார்கள்.

அவருக்கு ஒரு கிளை ஆஸ்பத்திரியும் உண்டு: 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ முடித்த கையோடு வாங்கிய லேப்டாப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் வருவார்கள். அவற்றில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ப்ராசஸரோடு ஒட்டிய கிராபிக்ஸ், மெயின் மெமரியில்தான் குடித்தனம் நடத்துகிறது. "ஒத்தை ரேம் போடாத. அதே சைஸ்ல ரெண்டு போடு. பாதை ரெண்டாகும்." உண்மையாகவே கொஞ்சம் ஃபிரேம் கூடும். எஸ்.எஸ்.டி. போடலாமா என்று கேட்டால், "போடு, சீக்கிரம் தொறக்கும். ஆனா ஃபிரேம் ஏறும்னு எவனாச்சும் சொன்னா நம்பாத." ஃபீஸ் ஒரு டீ, ஒரு சமோசா.

செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்துவிட்டால் அண்ணன் துறவி. முதலில் நிழலை அணைப்பார். பிறகு புல், புகை, தண்ணீரின் மினுமினுப்பு. பிறகு ரெசல்யூஷன்: 1920-க்கு 1080 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 20,73,600 புள்ளி வரையவேண்டும், 1280-க்கு 720 என்றால் 9,21,600தான். பாதிக்கும் மேல் வேலை மிச்சம். மிச்சமாகும் அந்தப் புள்ளிகளில்தான் எதிரியின் முகமும் இருந்தது என்பது வேறு விஷயம். ஹவுஸ் ஓனர் அக்காவின் பையன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எப்ப வந்த கேம்?" என்றான். "புதுசுடா." "எங்கப்பா காலத்துல வந்த மாதிரி இருக்கு." அண்ணன் பெருமையோடு மூலையைக் காட்டினார்: "அங்க பாரு, எழுபத்தொண்ணு."

அவர் மானிட்டர் நொடிக்கு அறுபது முறைதான் மாறும். எழுபத்தொன்று வந்து என்ன பயன் என்று கேட்கக்கூடாது. கேட்டால், மவுஸ் அசைவு எத்தனை மில்லிசெகண்ட் முன்னதாகத் திரைக்கு வருகிறது என்று விளக்கத் தொடங்குவார். அதற்குள் கேன்டீனில் பூரி தீர்ந்துவிடும்.

விரோதிகள் பலர். முதலாவது விண்டோஸ் அப்டேட். மற்ற நாளெல்லாம் சும்மா இருந்துவிட்டு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு விழித்துக்கொள்ளும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. பதினொன்றுக்கு மாறலாமென்றால் அண்ணனின் ப்ராசஸர் அதன் பட்டியலிலேயே இல்லை. இரண்டாவது, "ஒரே கிளிக்கில் ஃபிரேம் இரட்டிப்பு" என்று யூடியூபில் விற்கும் பூஸ்டர்கள். ஆறு பூஸ்டர் ஏற்றினால் ஆறும் பின்னணியில் ஓடி, இருக்கிற ஃபிரேமையும் சாப்பிடும். சிலது பாஸ்வேர்டையும் சேர்த்துச் சாப்பிடும். மூன்றாவது, ஃபிரேமையும் பிங்கையும் குழப்புகிற ரூம்மேட். "பிங்குங்கிறது லைன் போய்ட்டு வர்ற நேரம். ஃபிரேம் நம்ம பொட்டியோட உழைப்பு. நீ படம் டவுன்லோட் பண்ணா பிங்தான் ஏறும், ஃபிரேம் அப்படியேதான் இருக்கும்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த ரூம்மேட் அடுத்த படத்தை டவுன்லோட் போட்டிருப்பான். நாலாவது, சப்-மீட்டர். அது ஓடுவதைப் பார்த்து ஹவுஸ் ஓனர் அக்கா கேட்பார்: "என்னப்பா, ரூம்ல வெல்டிங் எதுவும் வெக்கிறீங்களா?"

"இவ்ளோ பாடுபடறதுக்குப் புதுசு வாங்கலாமே" என்று தீபாவளி போனஸ் வந்த அன்று யாரோ ஒருவர் கேட்பார். "புதுசுல நூறு ஃபிரேம் வந்தா அது காசோட பெருமை. இதுல எழுபது வந்தா அது என் பெருமை" என்பார். பதில் தயாராகவே இருக்கும்.

இதில் ஒரு ரகசியம்: அண்ணன் அதிகம் ஆடுவதில்லை. எதிரி இடப்பக்கம் வருவான், நம்பர் வலது மூலையில் ஓடும், அண்ணன் கண் நம்பரில் இருக்கும். சுட்டுவிடுவார்கள். "செத்தா என்ன, எழுபத்தொண்ணுல செத்தேன்" என்று எழுந்து போய்ப் பல் தேய்ப்பார்.

அந்த எழுபத்தொன்றையும் அவர் முழுதாக நம்பமாட்டார் என்பதுதான் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது. அது சராசரி. சராசரி ஏமாற்றும். பத்து நிமிட ஆட்டத்தில் வரைந்த எல்லாப் படங்களிலும் மிக மந்தமாக வந்த நூற்றில் ஒரு பங்கை மட்டும் தனியே எடுத்தால் வருவது "ஒன் பர்சென்ட் லோ". சராசரி எழுபது இருந்தும் அது இருபது என்றால், நாலு பேர் ஒரே நேரத்தில் பாய்கிற அந்த ஒரு நொடியில் திரை சிக்கும். "சும்மா நடக்கும்போது எழுபது வந்து என்ன பிரயோஜனம்? நெருக்கடில எவ்ளோ நிக்குதுன்னு பாக்கணும்."

கம்பெனி மாதக் கூட்டத்திலும் இதைக் கேட்டுவிட்டார். மேனேஜர் உற்பத்திச் சராசரியைப் பச்சை நிறத்தில் காட்டி முடித்ததும் எழுந்தார். "சார், ஒன் பர்சென்ட் லோ எவ்ளோ சார்?" ஹால் அமைதியானது. தோண்டிப் பார்த்தால், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் பஸ் தாமதமாகும் நாள்களில் எல்லாம் லைன் திக்கித் திணறியிருக்கிறது. சராசரி அதை மூடி மறைத்திருக்கிறது. நல்ல யோசனைக்குக் கொடுக்கும் கைசன் பரிசு அந்த மாதம் அண்ணனுக்கு. ஒரு ஹாட் பாக்ஸ். இப்போது அதில் திருகாணிகள் இருக்கின்றன.

இப்படிப்பட்ட அண்ணன் ஒருவர் பெண் பார்க்கப் போன கதையை வல்லம் பக்கத்து டீக்கடைகளில் சொல்வார்கள். பெண், சுங்குவார்சத்திரம் பக்கம் போன் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, கேள்வியும் வந்தது.

"மாசம் எவ்ளோ வருது தம்பி?"

"ஆவரேஜ் இருபத்தெட்டாயிரம் மாமா. ஆனா ஓ.டி. இல்லாத மாசம், லைன் ஷட்டவுன் ஆன மாசம்னு பாத்தா, லோ பத்தொம்பதுதான்."

அண்ணனின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தரகர் காபியைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது: "அப்பா, இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் ஓ.டி.யோட சேத்துதான் சொன்னாங்க. இவர்தான் ஷட்டவுன் மாசத்தையும் சொல்லியிருக்காரு. இவரையே பேசுங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "பத்தொம்பதுல கல்யாணக் கடனும் சேந்தா எப்படி தம்பி ஓட்டுவீங்க?"

"கடனே வேணாம் மாமா. மண்டபம், செண்டை மேளம், ட்ரோன் கேமரா, வாசல்ல புகை விடுற மெஷின், இதையெல்லாம் ஆஃப் பண்ணிட்டா போதும். ரெசல்யூஷனையும் முன்னூறு இலையிலேர்ந்து நூறுக்குக் கொறைச்சிடலாம்."

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் காலை முகூர்த்தம். தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரை ஓர் இடத்திலும் சிக்கவில்லையாம்.