சாம்பல்ல எழுதற சாமர்த்தியம்

ஏம்பா ராசா, கோயம்புத்தூர் கம்பெனியில உக்காந்து வெப்சைட் பண்றியாமே? உன் ஆத்தா நடுவட்டம் பூராவும் சொல்லிட்டுத் திரியறா. சந்தோசம். ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நீ பண்றது படிக்கிறதுக்கா, இல்ல சும்மா பாக்கறதுக்கா?

வெள்ளையில சாம்பல் எழுத்து. அதுவும் இருக்கா இல்லையான்னு சந்தேகப்படற அளவுக்கு மெலிசு. கேட்டா மினிமல் டிசைனுங்கறே. யாருக்குப்பா மிச்சம் பண்றே? ஸ்கிரீன்ல எழுத மைக்கா காசு குடுக்கறே?

நான் டான்டீங்கற கவர்மென்டு தேயிலைக் கம்பெனி ஃபேக்டரியில, பேக்கிங் ரூம்ல காலம் தள்ளினவன். 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் போட்ட ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுது. அப்படி வந்த சனத்துக்கு வேலை குடுக்கத்தான் கவர்மென்டு இந்த மலையில தேயிலை போட்டுச்சு. என் வேலை என்ன தெரியுமா? தேயிலைப் பெட்டியில மார்க்கு அடிக்கிறது. தகரத்துல வெட்டின எழுத்தை வச்சு, கருப்பு மையைத் தேச்சு அடிக்கணும். தோட்டப் பேரு, கிரேடு, நம்பரு, எடை. பெட்டி ஏலத்துக்குக் குன்னூர் போகும். அங்க குடோன்ல பல்பு மங்கி எரியும். பெட்டி ஆளு ஒசரத்துக்கு மேல அடுக்கியிருக்கும். லோடு இறக்கறவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அங்க நின்னு அவன் படிக்கணும். தேயிலைத் தயாரிப்பைப் பாத்துக்கற எங்க டீமேக்கர் ஒருநாளும் என்கிட்ட "அழகா இருக்கா"ன்னு கேட்டதில்ல. "மேல் பெட்டி கீழே இருந்து தெரியுதா"ன்னுதான் கேப்பார். நீ டிகிரி வாங்கினவன். உன்னை அப்படிக் கேக்க ஒரு ஆளு இல்லையா?

கெழவனுங்க கண்ணாடி போட்டுக்கட்டும்னு சொல்லுவே. போட்டாச்சு. நாப்பது தாண்டினா சாளேஸ்வரம் வரும், கண்ணுக்குள்ள இருக்கற லென்சு இறுகிப்போய் கிட்டத்து எழுத்து குவியாது. அதுக்குத்தான் கண்ணாடி. கண்ணாடி தீக்காத சங்கதி வேற ஒண்ணு இருக்கு. வயசாக ஆக லென்சு மஞ்சளாப் போகும். கண்மணி சின்னதாகும். அறுபது வயசுக்காரன் கண்ணுக்குள்ளே போற வெளிச்சம் இருபது வயசுக்காரனுக்குப் போறதுல சுமாரா மூணுல ஒரு பங்குதான். அதுக்கு மேல புரை விழும், சக்கரை வரும். உன் மெல்லிய சாம்பல் அந்த ஒரு பங்கு வெளிச்சத்துல என்ன ஆகும்? நீ ஏசி ரூம்ல, கதவகலத்து ஸ்கிரீன்ல, வெளிச்சத்தை முழுசா ஏத்தி வச்சுப் பாத்து "சூப்பர்"ங்கறே. உன் ஆத்தா கீறல் விழுந்த போன்ல, பாட்டரி தீந்துருமேன்னு வெளிச்சத்தை இறக்கி வச்சுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு வெயில்ல பாக்கறா. ரெண்டும் ஒரே வெப்சைட்டா?

இதுக்கெல்லாம் கணக்கு இருக்காம். என் பேத்தி சொன்னா. எழுத்து நெறத்துக்கும் பின்னாடி நெறத்துக்கும் வித்தியாசத்தை அளப்பாங்களாம். சுத்தக் கருப்பும் சுத்த வெள்ளையும்னா 21க்கு 1. டபிள்யூ3சி-ன்னு வெப்சைட்டுக்கெல்லாம் விதி போடற கூட்டம் 2008லயே சொல்லிருச்சு: சாதாரண எழுத்துக்குக் குறைஞ்சது 4.5க்கு 1 வேணும். உங்காளுங்களுக்கு 777777ன்னு ஒரு சாம்பல் மேல அப்படி ஒரு ஆசை. வெள்ளையில போட்டா அது 4.48. ஃபெயிலு. உடனே புத்திசாலி ஒருத்தன் துளியூண்டு இருட்டாக்கி 767676 போட்டான். 4.54. பாஸு! கைதட்டு. ஏம்பா, வரம்போரத்துலயே எதுக்குத் தொங்கணும்? நல்லாக் கருப்பாப் போட்டா வரி கேப்பாங்களா?

அப்பறம் போன்ல ரெண்டு வெரலை வச்சு விரிச்சா எழுத்து பெருசாகும்ல? எங்களை மாதிரி ஆளுக்கு அது பெரிய வரம். சில மகராசனுங்க அதையும் பூட்டி வச்சிருக்கானுங்க. விரிச்சா டிசைன் கலைஞ்சிருமாம். எழுத்து ரெண்டு மடங்கு பெருசானாலும் பக்கம் ஒழுங்கா நிக்கணும்ங்கறதும் அதே விதியில இருக்கு. நீ படிச்சிருப்பே. படிச்சவனுக்குத்தானே விதியைச் சுத்திப் போக வழி தெரியும்.

கவர்மென்டு வெப்சைட் சிலதுல மேல மூலையில ஏ பிளஸ், ஏ மைனஸ்னு பட்டன் வச்சிருக்காங்க. எழுத்தைப் பெருசாக்கறதுக்கு. நல்ல எண்ணந்தான். அந்தப் பட்டன் எவ்வளவு பெருசு? அதைக் கண்டுபிடிக்கவே பூதக்கண்ணாடி வேணும். கண்ணு தெரிஞ்சவன்தான் கண்ணு தெரியலைங்கற பட்டனை அமுக்க முடியும்னா, யாரை யாரு கிண்டல் பண்றது?

இன்னொரு குறுக்கு வழி உண்டு. ஒரு வரி கோடு ஒட்டுனாப் போதும், ஏஐ வந்து உன் வெப்சைட்டை எல்லாரும் படிக்கிற மாதிரி மாத்திரும்னு சொல்லி வித்தாங்க. ஆக்செசிபின்னு ஒரு கம்பெனி. அப்படிச் சொன்னதுக்கு ஆதாரம் இல்லைன்னு அமெரிக்க வணிக ஆணையம் 2025ல 10 லட்சம் டாலர் கட்ட வச்சுது. செவுரு சாஞ்சு கெடக்கையில சுண்ணாம்பு அடிச்சா நிமிந்துருமா?

இதுவரைக்கும் சொன்னது எந்த எழுத்துக்கும் பொருந்தும். நம்ம தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கருணை வேணும் ராசா. தமிழ்ல புள்ளிதான் உசுரு. எழுத்தை மெலிசாக்கி, சின்னதாக்கி, சாம்பலாக்கினா மொதல்ல சாகறது புள்ளி. 'பட்டா' போய் 'படடா' ஆகிரும். நம்ம பக்கத்துச் சனத்துக்குப் பட்டா இல்லாத கவலையே தீரல, வெப்சைட்டுலயும் பறிக்கணுமா? மூணு சுழி, ரெண்டு சுழி ஒண்ணாத் தெரியும். மேல வளைவு, கீழ வாலுன்னு நம்ம எழுத்து ரெண்டு பக்கமும் நீளும். ஒரு வரியோட வாலு அடுத்த வரி வளைவுல இடிக்கும். வரிக்கு வரி ஒண்ணரை மடங்கு எடம் விட்டாத்தான் மூச்சு விடும். அதுல ரெண்டு ஓரமும் நேராக்கறேன்னு இழுத்து வைக்கிறீங்களே, நம்ம சொல்லு நீளமாச்சே, நடுவுல ஓட்டை ஓட்டையா விழுதா இல்லையா? எடது பக்கம் நேரா இருந்தாப் போதும். வலது பக்கம் எப்படிப் போனா உனக்கென்ன?

சரி, கண்ணே சுத்தமாத் தெரியாதவங்க? போன் படிச்சுக் காட்டுது. நல்ல விசயம். ஆனா ஆபீசுல சுற்றறிக்கையைத் தாள்ல அடிச்சு, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, அதை ஸ்கேன் பண்ணிப் படமா ஏத்தி வச்சிருக்காங்க. போனுக்கு அது வெறும் படம். வாயே தொறக்காது. சிலது பழைய வானவில் எழுத்துருவுல அடிச்சதா இருக்கும். நமக்குத் தமிழாத் தெரியும், உள்ளே இருக்கறது இங்கிலீசு எழுத்து. போன் அதைப் படிச்சா மந்திரவாதி முணுமுணுக்கற கணக்கா இருக்கும். 2010லயே, கோயம்புத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்தப்ப, தமிழுக்கு யூனிகோடுதான்னு கவர்மென்டு உத்தரவு போட்டாச்சு. உத்தரவும் ஸ்கேன் காப்பியாத்தான் போயிருக்கும்போல.

எழுத்தைப் பெருசாக்கிட்டாலும் எழுதியிருக்கறதைப் பாரு. "மேற்கண்ட விவரங்கள் பூர்த்தி செய்யப்படாதபட்சத்தில் விண்ணப்பம் பரிசீலிக்கப்படமாட்டாது." தகரத்துல வெட்டி அடிக்கிற வேலையா இருந்தா இப்படி எழுதுவானா? தகரம் பத்தாது. "இதை நிரப்பலேன்னா மனு செல்லாது" அவ்வளவுதானே?

வருசா வருசம் பென்சனுக்கு உசுரோட இருக்கேன்னு காட்டணும். என் வீட்டுக்காரி கொழுந்து பறிச்சே வெரல் தேஞ்சவ. வெரலை வச்சா மிசினு ஆளே இல்லைங்குது. மூஞ்சியைக் காட்டுன்னாங்க, காட்டினா. போன்ல துளியூண்டு எழுத்துல ஏதோ வந்துச்சு, வந்த வேகத்துல போச்சு. என்னான்னு படிக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சுருச்சாம். பேத்தி வந்து பாத்துச் சொல்றா: "கண்ணைச் சிமிட்டச் சொல்லுது ஆயா." பாதிக் கண்ணு தெரியாதவகிட்ட, தெரியாத எழுத்துல, கண்ணைச் சிமிட்டுன்னா? அவ திட்டின திட்டை எழுத முடியாது.

சிரிக்காதே. இதே சிமிட்டற வம்பு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. அமில வீச்சுல மூஞ்சியும் கண்ணும் பாதிச்சவங்க, சிமிட்ட முடியாததால பேங்கு கணக்கே தொறக்க முடியலைன்னு வழக்குப் போட்டாங்க. பார்வையில்லாத வக்கீல் ஒருத்தரும் தனியா மனு போட்டிருந்தார். 2025 ஏப்ரல் 30ல தீர்ப்பு வந்துச்சு, பர்திவாலா அய்யாவும் நம்ம மகாதேவன் அய்யாவும் குடுத்தது. இந்த டிஜிட்டல் வசதியெல்லாம் எல்லாருக்கும் எட்டணும், அது அரசியல் சட்டம் 21வது பிரிவுல குடுத்திருக்கற வாழற உரிமையில ஒரு பங்குன்னு சொல்லிட்டாங்க. இருபது உத்தரவும் சேத்துப் போட்டாங்க. ஒரு கண் சிமிட்டலுக்கு டெல்லி வரைக்கும் போக வேண்டியிருக்கு பாரு. மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் 2016லயே வந்துருச்சு. சட்டத்தையும் சாம்பல்லதான் அச்சடிச்சாங்களோ என்னவோ.

உனக்கு மேனேஜர் திட்டுவான்னு பயமா? கிளையன்ட்டு அழகு கேக்கறானா? அவனுக்கு வயசு என்ன? முப்பத்தஞ்சா? விடு, இன்னும் பத்து வருசத்துல போனைக் கையெட்டற தூரத்துக்கு நீட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தானா வழிக்கு வருவான். அதுக்குள்ள எங்க கணக்கு முடிஞ்சுரும், அதான் அவசரம்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றியல்ல? நீ பண்ணின வெப்சைட்டை உன் ஆத்தா போன்ல தொறந்து, அவ கையில குடு. உன் போன்ல இல்ல, அவ போன்ல. வெளியில, கடை வாசல்ல நின்னு. பணம் கட்டற எடத்தைக் கண்டுபிடின்னு மட்டும் சொல்லு. வெரலை நீட்டிக் காட்டப்படாது, "அங்கதான்மா, மேல, மேல"ன்னு கத்தப்படாது. கையைப் பின்னாடி கட்டிக்க. அவளாக் கண்டுபிடிச்சா டீ என் கணக்கு. முழிச்சான்னா உன் கணக்கு, வடையோட. கடைக்காரன்கிட்ட இப்பவே சொல்லி வைக்கிறேன், எனக்கு ரெண்டு வடை.