யாரு கத்தறாங்கன்னு பாருங்க

கம்பைநல்லூரில் மாடிப்படிக்கு அடியில் புளி மூட்டை வைப்பார்கள். நான் சர்வர் வைத்திருந்தேன். 2009-ல் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழசாக வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். உள்ளே விண்டோஸ் சர்வர் 2003. கல்யாண போட்டோ, இளையராஜா பாட்டு, புளியமரக் குத்தகைக் கணக்கு எல்லாவற்றையும் வீட்டிலிருக்கும் அத்தனை கம்ப்யூட்டருக்கும் பகிர்ந்து கொடுப்பது அதன் உத்தியோகம். வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் மொத்தம் ஒன்று.

2015 ஜூலை 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் சர்வர் 2003-ஐக் கைகழுவியது. இனி ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர ஆளில்லை. நான் அசையவில்லை. முந்தைய வருஷம் ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதே கதி வந்தபோது தமிழக அரசு தன் துறைகளை சி-டாக் செய்த பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் ஏடிஎம்களில் எக்ஸ்பி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2018-ல் ரிசர்வ் வங்கி, அடுத்த ஜூனுக்குள் மாற்றியாக வேண்டும் என்று கெடு வைக்கும்படி ஆயிற்று. “நாட்டோட பணப்பெட்டியே இப்படித்தான் இருக்குது, எனக்கென்ன அவசரம்?” என்று வீட்டில் பலமுறை வாதாடியிருக்கிறேன். பணப்பெட்டியில் பணம் இருந்தது, உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது, சேவை நின்றுபோன சர்வர் 2003-க்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு ஒட்டுப்போட்டுக் கொடுத்தது. “பாத்தியா, அவங்களே கைவிடல!” என்றேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், “அது திவசம்ப்பா. செத்தவங்களுக்குத்தான் பண்ணுவாங்க” என்றான்.

போன மார்கழியில் அவன் புது லேப்டாப்போடு வந்தான். அது என் சர்வரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, பங்காளிச் சண்டை போட்ட வீட்டுக்காரர் மாதிரி. எஸ்எம்பி ஒன்று என்கிற பழைய முறையில்தான் என் பெட்டி ஃபைல் கொடுக்குமாம். வானாக்ரை நுழைந்த வாசலே அதுதானாம். புது விண்டோஸ் அந்த வாசலை அடைத்தே வைத்திருக்கிறதாம்.

“நூறு வாட் தின்னுதுப்பா. ரெண்டு மாசத்துக்கு 144 யூனிட். கவர்மென்ட் இலவசமா தர்ற நூறையும் முழுங்கிட்டு, மேல 44-க்கு நீங்க காசு கட்டறீங்க.”

நான் தமிழ் வாத்தியார். கணக்கில் தோற்றேன்.

பெரிய கம்பெனிகளில் சர்வரை ஓய்வுக்கு அனுப்ப ஒரு வழி உண்டாம். முதலில் நெட்வொர்க் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது. யாராவது கத்தினால் ஒயரைத் திருப்பிச் சொருகலாம். கத்தாவிட்டால் கரண்டை நிறுத்தலாம். போட்டோவையெல்லாம் ஒரு டிஸ்க்கில் இறக்கிக்கொண்டு ஒயரைப் பிடுங்கினோம்.

முதல் நாள் யாரும் கத்தவில்லை. நான்காம் நாள், “பாட்டு ஏதாச்சும் கேக்கணுமா?” என்று மனைவியிடம் நானே போய்க் கேட்டேன். “போன்ல கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்” என்றாள். எட்டு நாள் பார்த்தேன். அத்தனை வருஷ சேவைக்கு ஒரு முனகல்கூட இல்லை. நான் ரிட்டையர் ஆனபோதாவது ஒரு சால்வை போட்டார்கள். ஒன்பதாம் நாள் ராத்திரி ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலையில் கத்தல் கேட்டது.

“என்னங்க! மாவு பொங்கவே இல்ல. அந்தப் பொட்டிய என்ன பண்ணீங்க?”

அப்போதுதான் தெரிந்தது. மார்கழிக் குளிரில் இட்லி மாவுக் குண்டானை அவள் வருஷக்கணக்காக சர்வரின் மேல்தான் வைத்துவந்திருக்கிறாள்.

இப்போது அது மறுபடி ஓடுகிறது. ஒயர் கிடையாது, ஹார்ட் டிஸ்க்கையும் மகன் கழற்றிப் போய்விட்டான். ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் காணோம் என்று திரையில் ஒற்றை வரி மட்டும் நிற்கிறது. மாவு நன்றாகப் பொங்குகிறது.