ஆறு அடுக்கு பெயின்ட்டும் ஒரு செண்பகமும்

பிலடெல்பியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு என் முழங்கை தவிர அனைவரும் நலம்.

நாங்கள் வாங்கியிருப்பது 1915-ல் கட்டிய வரிசை வீடு. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். பக்கத்து வீட்டுப் பெரியவர் தும்மினால் உங்கள் மருமகள் இங்கிருந்தே ‘நூறு’ சொல்கிறாள். கூடத்தில் ஒரு கணப்படுப்பு. புகைபோக்கியை யாரோ எப்போதோ அடைத்துவிட்டதால் அதற்குள் எங்கள் குத்துவிளக்கு குடியிருக்கிறது. அடுப்பைச் சுற்றி, நம் வீட்டு நிலையை நெஞ்சுயரத்தில் அறுத்து மேலே ஒரு பலகையைப் போட்டது போல மரவேலை. மேன்டல் என்கிறார்கள். இரண்டு பக்கமும் தூண், பலகைக்குக் கீழே செதுக்கிய பூச்சரம். பூவும் இலையும் இட்லி மாவில் முக்கி எடுத்தது மாதிரி வெள்ளைப் பெயின்ட்டில் அமுங்கிக் கிடந்தன.

மரவாடிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? “உள்ளே நல்ல மரம் இருக்கு, உரிச்சு எண்ணெய் போடப்போறேன்” என்றேன். “மேலே இன்னொரு கோட் வெள்ளை அடிச்சாப் போதாதா?” என்றாள் உங்கள் மருமகள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் கூடாது என்று இந்த நாட்டில் 1978-ல்தான் தடை போட்டார்கள். அதற்கு முந்தைய வீடென்றால் கை வைக்குமுன் சோதிக்க வேண்டும். மேலாகத் தேய்த்தால் பலிக்காது. மரம் தெரியும்வரை சரிவாக ஒரு வெட்டு. வெட்டினேன். வெள்ளை, சந்தனம், பச்சை, மறுபடி வெள்ளை என்று ஆறு அடுக்கு. பார்டர் பரோட்டா தோற்றது. சோதனைக் குச்சியை வைத்ததும் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்தது.

“ஈயமா? அத்தை ஈயச்சொம்புலதானே ரசம் வைப்பாங்க?” என்றாள். அது வெள்ளீயம், இது காரீயம் என்று வகுப்பெடுத்தேன். காரீயத் தூசி உடம்புக்குள் போனால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். போதாததற்கு, பெயின்ட் சில்லு நாக்குக்கு இனிக்குமாம். உங்கள் பேரனுக்கு நாலு வயது. ஜன்னல் கண்ணாடியையே நக்குகிறவன். அன்றே அம்மாவும் பிள்ளையும் நியூஜெர்சியில் சிநேகிதி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தும்மலோடு யோசனையும் தருவார். “தீயைக் காட்டு, அரை நாள் வேலை” என்றார். தீயைக் காட்டினால் காரீயம் புகையாக நெஞ்சுக்குள் போகும். தேய்ப்பு மெஷின் போட்டால் தூசியாகத் தெருவுக்கே போகும். முன்பு மெத்திலீன் குளோரைடு என்று ஒரு திரவம் விற்றதாம். நிமிஷக் கணக்கில் உரித்துவிடும். அடைத்த அறையில் அதை வைத்து வேலை செய்த சிலர் செத்தே போனார்கள். வீட்டு உபயோகத்துக்கு அதை விற்க 2019-ல் தடை வந்துவிட்டது. மிச்சமிருந்தது, பொறுமைசாலிகளுக்கென்றே செய்த ஒரு பசை.

கூடம் முழுக்கத் தடித்த பிளாஸ்டிக் விரித்து ஓரமெல்லாம் ஒட்டினேன். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு இளஞ்சிவப்பு வட்டம் வைத்த முகமூடி. கண்ணாடியில் பார்த்தால் திருஷ்டிப் பொம்மை. பசையைக் கெட்டித் தயிர் பதத்தில் அப்பி, காயாமல் தாளைப் போர்த்தி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் கரண்டியைக் கொடுத்துத் தள்ளினால், சித்தப்பா, ஒரு தூணின் பெயின்ட் முழுவதும் பாலாடை போலச் சுருண்டு வந்தது! இன்னும் நாலு மேன்டல் உரிக்கலாம் என்று தோன்றியது. பூச்சரத்துக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பல் பிரஷாலும் மூங்கில் குச்சியாலும் மூன்று சனி ஞாயிறு. ஓர் இலையின் நுனி பெயின்ட்டோடு பெயின்ட்டாகக் குப்பைப் பைக்குப் போய்விட்டது. உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். அதையும் நானேதான் செய்தேன்.

கடைசியில், பலகையின் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிப் பார்த்தேன். தேக்கு மாதிரிப் பொன்னாக மின்னும் என்று நினைத்தேன். பாசி பிடித்த தொட்டி நிறத்தில் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக எழுந்தன. நீங்களாக இருந்தால் பலகையைத் தட்டிப் பார்த்தே சொல்லியிருப்பீர்கள். பெரியவர் எட்டிப் பார்த்து, “இது பாப்ளர். பெயின்ட் அடிக்கவென்றே வாங்குகிற மலிவு மரம்” என்றார். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? பேர்தான் பாப்ளர், குடும்பம் நம் செண்பகத்தினுடையதாம். செண்பகாதேவி அருவிப் பக்கத்துச் சொந்தக்காரனை இத்தனை தூரம் வந்து உரித்திருக்கிறேன்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது. தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். 1991-ல் இதே ஊரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று அப்படித்தான் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் போய்விட்டார்கள். ஆகவே என் ஒற்றைத் துணியைக் கொல்லை வேலியில் விரித்துப் போட்டேன். அதன்மேல் பனி பெய்தது.

எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட் வெள்ளை அடித்தாயிற்று. நேற்று சாப்பிட வந்த நண்பர் மேன்டலைத் தடவிப் பார்த்து, “பழைய மரம் போலிருக்கே, இந்தப் பெயின்ட்டை உரிச்சுட்டா எவ்வளவு நல்லாயிருக்கும்!” என்றார். உங்கள் மருமகள் அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அன்புள்ள,
உங்கள் மகன்