வாட் கணக்குப்பிள்ளை

அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பலர், ஆர்.வி. என்கிற சக்கர வீட்டை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை, கூரைமேல் ஏ.சி. எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. கட்டணம் கட்டித் தங்கும் முகாம்களில் மின்கம்பம் இருக்கும். 30 ஆம்பியர் பிளக்கைச் செருகினால் ஏ.சி. ஓடும், கதை முடிந்தது. அப்படிக் கிளம்பியவர்களில் ஒருவரான நம் கணக்குப்பிள்ளை அங்கே போகமாட்டார். கதை முடிவது அவருக்குப் பிடிக்காது.

அரிசோனாப் பாலைவனத்தில் அரசுக்குச் சொந்தமான பொட்டல் வெளியில் வண்டியை நிறுத்துவார். 14 நாள் காசில்லாமல் தங்கலாம்; கம்பமும் கிடையாது, குழாயும் கிடையாது. அவருடைய துணை, 21 கிலோ எடையுள்ள ஹோண்டா ஈயூ2200ஐ ஜெனரேட்டர். (மனைவியும் உடன் வந்திருக்கிறார்.) பெயரில் 2,200 இருந்தாலும் அது விடாமல் தருவது 1,800 வாட்தான். மீதி 400 எங்கே போயிற்று என்று கேட்டுவிடாதீர்கள். மடக்கு நாற்காலியை விரித்து உட்கார வைத்துவிடுவார்.

கூரைமேல் இருப்பது 13,500 பி.டி.யூ. ஏ.சி., நம் கணக்கில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஓடும்போது சுமார் 1,500 வாட் தின்னும். அப்படியானால் 300 வாட் மிச்சம்தானே என்று மூன்றாம் வகுப்புப் பையன் சொல்வான். ஆனால் அசையாமல் கிடக்கும் கம்ப்ரஸரைக் கிளப்பும் அந்தக் கணத்தில் மட்டும் அது இரண்டு பங்குக்கு மேல் இழுக்கும். மோட்டார் சுழலத் தொடங்கிய பிறகுதான் அடங்கும். நம்மவர் உயிர் வாழ்வதே அந்தக் கணத்துக்காகத்தான்.

நண்பகல். வெயில் 40 டிகிரி. சடங்கு ஆரம்பமாகிறது. வெளியிலிருந்து அவர் கேட்க, ஜன்னல் வழியாக மனைவி பதில் சொல்லவேண்டும்.

“ஃபிரிட்ஜ்?”

“காஸுக்கு மாத்தியாச்சு.”

“வாட்டர் ஹீட்டர்?”

“அணைச்சாச்சு.”

“பாட்டரி சார்ஜர்?”

“அணைச்சாச்சு.”

“கையில என்ன?”

“சீப்பு.”

இந்தப் பதிலில் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எக்கோ சுவிட்சை அணைத்து, எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுவருகிறார். முதலில் வெறும் ஃபேன், பிறகு கம்ப்ரஸர். கூரை ஒருமுறை உறுமுகிறது. ஜெனரேட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. சுமை தாங்காவிட்டால் மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பது இந்த வகை ஜெனரேட்டரின் குணம். சத்தம் வரும், கரண்ட் வராது. கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாகச் சில நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி முயலவேண்டும். வேர்த்து ஒழுகும் மனைவிக்கு அந்த இடைவேளையில் மோட்டார் தத்துவம் போதிக்கப்படும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாடுவதில்லை. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதனால் ஜெனரேட்டரை ஜன்னல்களை விட்டுத் தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைப்பார். வண்டிக்குள் எச்சரிக்கைக் கருவி மாட்டியிருக்கிறார். இரவில் ஓட்டமாட்டார். யோசெமிட்டி பூங்கா முகாம்களில் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மணி வரைதான் ஜெனரேட்டருக்கு அனுமதி என்பது அவருக்குப் பஞ்சாங்கம்போல் மனப்பாடம்.

கடைசியில் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னப் பெட்டியைச் சில நூறு டாலர் கொடுத்து வாங்கினார். கம்ப்ரஸர் ஒரேயடியாக இழுக்காதபடி, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடும் பெட்டி அது. கொதிக்கும் கூரைமேல் குப்புறப் படுத்து அதை மாட்டினார். ஏ.சி. முனகாமல் கிளம்பியது. உள்ளே ஜிலுஜிலுவென்று காற்று. மனைவி போர்வையோடு நாவலை எடுத்துவிட்டார். கணக்குப்பிள்ளை உள்ளே வந்தாரா? இல்லை. கிளாம்ப் மீட்டரோடு வெயிலில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் நாயோடு நடந்துபோனவரைக் கூப்பிட்டு ஆம்பியர் காட்டிக்கொண்டிருந்தார். நாய்தான் முதலில் நழுவியது.

அப்போதுதான் மனைவி காபி மேக்கரைப் போட்டார். 900 வாட். சிவப்பு விளக்கு.

அதற்கும் வழி இருக்கிறதாம். அதேபோல் இன்னொரு ஜெனரேட்டர் வாங்கி, இரண்டையும் கேபிளால் இணைத்துவிடலாம். மனைவி காகிதத்தில் கூட்டிப் பார்த்தார். ஜெனரேட்டர்கள், பெட்டி, கேபிள் எல்லாம் சேர்ந்த பணத்துக்குக் கம்பமுள்ள முகாமில் மாதக்கணக்கில் தங்கலாம். காகிதத்தைக் கையில் கொடுத்தார். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, “இதில் பெட்ரோலைச் சேர்க்கவில்லையே” என்று திருத்திக் கொடுத்தார்.

போதும் பாலைவனம் என்று மனைவி அவரைக் கொலராடோ மலைக்குக் கிளப்பிக்கொண்டு போனார். 8,000 அடி உயரம். பைன் மரங்கள், சில்லென்ற காற்று. ஏ.சி.க்கு அங்கே என்ன வேலை? ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. காற்று மெலிந்த இடத்தில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். 1,000 அடிக்குச் சுமார் 3.5 சதவீத வலு போய்விடும். 1,800 வாட் சுமார் 1,300 ஆகிவிட்டது.

“அதான் குளிருதே, ஜன்னலைத் திறந்தா போதுமே?”

“அது வேற விஷயம். இங்கே ஏ.சி. கிளம்புமா கிளம்பாதா, அதுதான் கேள்வி.”

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கார்ப்பரேட்டரில் மலைப்பகுதிக்கான ஜெட்டை மாற்றினார். எக்கோ சுவிட்சை அணைத்தார், காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கூரை உறுமியது, திணறியது, கிளம்பியேவிட்டது.

“ஓடுது! ஓடுது!” என்று அவர் வெளியே குதித்துக்கொண்டிருக்க, உள்ளே மனைவி ஏ.சி.யை அணைத்துவிட்டு, அந்த வாட்டில் காபி போட்டார்.