கல்யாணத்துக்குக் கெளம்பினா வளைகாப்புக்குப் போய்ச் சேரலாம்

வாங்க கொழும்புத் தொரை, வாங்க. இப்பிடி இந்த வாங்குல உக்காருங்க. தவலந்தென்னப் பக்கம் போற பஸ் வர இன்னும் நேரமிருக்கு. வந்தாலும் பாத்துக்கலாம், வராட்டியும் பாத்துக்கலாம். அதென்ன போன்ல, கப்பல் படமா? காட்டு பாப்போம். வெள்ளையா நல்லாத்தான் இருக்கு, மினிஸ்டர் வர்ற அன்னிக்கு சுண்ணாம்பு அடிச்ச நம்ம ஸ்டோரு மாதிரி. பேரு என்ன, சிவகங்கையா? அட, சிவகங்கைச் சீமையிலருந்துதான்டா நம்ம பாட்டன் கெளம்பி வந்தாரு. அந்தப் பேரு போட்ட கப்பல்லயே பேரன் திரும்பப் போறதுன்னா பத்துக்குப் பத்துப் பொருத்தம்.

கோத்தகிரியில எங்க அக்கா பேத்திக்குத் தை மாசம் கல்யாணம். குடும்பத்துக்கு ஒருத்தராவது போய் நிக்கணும். பாஸ்போட்டு வச்சிருக்கிறது நீ ஒருத்தன். போ ராசா, தடுக்க நான் யாரு? வழி மட்டும் சொல்றேன், கேட்டுக்க.

இங்க பூண்டுலோயாவுலருந்து தவலந்தென்ன, கம்பளை, கண்டி. கண்டியில யாழ்ப்பாண பஸ் ஏறு. மாத்தளை, தம்புள்ள, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு, அப்புறம் யாழ்ப்பாணம். அங்கருந்து காங்கேசந்துறை. அங்க போய் நிக்கிறப்ப இலங்கையே முடிஞ்சு போயிருக்கும், ஆனா பயணம் இன்னும் ஆரம்பிச்சிருக்காது. பொறவு கடல்ல 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். நாகப்பட்டணத்துல எறங்கித் திருவாரூரு, தஞ்சாவூரு, திருச்சி, கோயமுத்தூரு, மேட்டுப்பாளையம்னு போயி மறுபடியும் மலையேறணும். ஒரு மலையில எறங்கி இன்னொரு மலையில ஏறுறதுக்குள்ள ரெண்டு நாட்டையும் அளந்து முடிச்சிருவ. அளவைத் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் போடு, சம்பளமாவது வரட்டும்.

அதோட ஒரு சின்ன விசயம். கல்யாணம் தை மாசம். வாடைக் காத்து எப்ப அடிக்கும்? ஐப்பசியில தொடங்கினா தை வரைக்கும். 2023 அக்டோபர் 14 அன்னிக்கு ‘செரியாபாணி’ன்னு ஒரு கப்பலைக் கொடியசைச்சு விட்டாங்க. லட்சத்தீவுப் பக்கம் ஓடின கப்பலாம். பேச்சு, மாலை, போட்டோ எல்லாம் அமக்களம். ஒரு வாரம் முழுசா ஓடல, கடல் சரியில்லன்னு கட்டிட்டாங்க. மழை வர்ற மாசம் பாத்துக் கூரை மேயுறவனைப் பாத்திருக்கேன், மழை வர்ற மாசம் பாத்துக் கப்பல் விட்டவங்களை அன்னிக்குத்தான் பாத்தேன். அடுத்த வருசம் ஆகஸ்ட் 16-ல இந்தச் சிவகங்கை வந்துச்சு. நவம்பர்ல அதுவும் நின்னுச்சு. திரும்ப ஓடினது 2025 பிப்ரவரி 22-ல, மாசி மாசத்துல. நீ கல்யாணத்துக்குன்னு கெளம்பினா வளைகாப்புக்குப் போய்ச் சேரலாம். மொய்க் கவரு வேணாம், வளையல் வாங்கிக்க.

இதுக்கு முந்தி 2011 ஜூன்ல ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’னு ஒன்னு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும். ஆயிரம் பேரு ஏறுற மாளிகைக் கப்பல், ராத்திரி ஏறிப் படுத்தா காலையில மறுகரை. ஏறத்தான் ஆளில்ல. எண்ணெய்க் கணக்கு ஏறிப்போயி நவம்பர்லயே கெளம்பிருச்சு. ஆயிரம் எலை போட்ட பந்தியில நாப்பது பேரு உக்காந்தா சமையக்காரன் பொழுது விடியுறவரைக்குமா நிப்பான்?

என்னடா சிரிக்கிற? ஒரு காலத்துல நமக்குக் கப்பலுக்குப் பஞ்சமே இல்ல தெரியுமா.

1914-ல பாம்பன் பாலம் தெறந்தாங்க. அந்த வருசமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச், எல்லாம் லாட்டுத் தொரைமாரு பேரு. பிற்பாடு இர்வின், கோஷன். நடுவுல கடல் இருபத்திரெண்டு மைலுதான், இங்கருந்து ஹட்டன் போற தூரம்னு வையி. எழும்பூருல ஒரே டிக்கட்டு வாங்கினா கொழும்புக் கோட்டையில எறங்கலாம், நடுவுல கோச்சி, கப்பல், மறுபடியும் கோச்சி. நம்ம பக்கம் வர்றவங்க பொல்கஹவெலையில மாறி மலைநாட்டுக் கோச்சி புடிக்கணும்.

ஆனா அந்த டிக்கட்டு தொப்பி போட்டவனுக்கு. நம்ம பாட்டனுக்குக் குடுத்தது வேற டிக்கட்டு. தகரத்துல தோட்டத்து நம்பரு அடிச்சு, கயித்துல கோத்து, கழுத்துல மாட்டிவிட்ட டிக்கட்டு. டின் டிக்கட்டும்பாங்க. காசு கேக்க மாட்டான், கங்காணி கணக்குல எழுதிக்குவான். கடனாளியா ஏறி, கடனாளியா எறங்கி, கடனாளியாவே பெரட்டுக் களத்துல நிக்கலாம். ஏறுறதுக்கு முந்தி மண்டபம் கேம்புல நாள்கணக்கா அடைச்சு வச்சு, ஊசி குத்தி, குளிக்க வச்சு, கட்டியிருந்த துணியை உருவி ஆவியில அவிச்சுக் குடுப்பாங்களாம். இட்டிலியை அவிப்பாங்க, சேலையை அவிக்கிறதை எங்கயாவது கேட்டிருக்கியா? ‘வேட்டி வெந்துச்சா’ன்னு பாட்டன் கேட்டாராம். அதுக்கும் ஒரு அடி வாங்கினாராம். நக்கல் நமக்குப் பரம்பரைச் சொத்து, காணிதான் கெடைக்கல.

அவருக்கும் முந்தின ஆளுகளுக்கு நீராவியும் இல்ல, கோச்சியும் இல்ல. தொண்டி, தேவிபட்டணம் பக்கமிருந்து தோணியில வந்து மன்னார்க் கரையில எறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடை. காலராவும் காய்ச்சலும் வழியில எத்தனை பேரை வாங்கிச்சோ. செத்தவனுக்குச் செக்ரோல் கெடையாது, கணக்கு எங்க தேடுறது?

அப்புறம் 1964. அக்டோபர் 30-ல டில்லியில ஸ்ரீமா அம்மாவும் சாஸ்திரியும் நம்மளை ரெண்டு நாட்டுக்கும் பங்கு போட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. நாம மொத்தம் ஒம்பது லட்சத்து எழுபத்தஞ்சாயிரம் பேரு. அதுல அஞ்சே கால் லட்சம் அங்க, மூணு லட்சம் இங்க. கொழுந்து நிறுக்கிறப்ப சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்கல்ல, அதே மாதிரி. ஆனா தராசுலயே ஒன்றரை லட்சம் பேரை மறந்து வச்சுட்டாங்க. பத்து வருசம் கழிச்சு, 1974-ல இந்திரா அம்மாவும் ஸ்ரீமா அம்மாவும் அதை ரெண்டாப் பகுந்தாங்க, ஆளுக்கு எழுபத்தஞ்சாயிரம். பாதி ஆளு விழுற கணக்கா வராம இரட்டைப்படையா வந்துச்சே, அதுவரைக்கும் மாரியாத்தா புண்ணியம்.

மொதக் கையெழுத்துப் போட்டு ரெண்டு மாசம் ஆகல, டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து தனுஷ்கோடியை வழிச்சுட்டுப் போயிருச்சு. பாம்பன்லருந்து போன கோச்சியும் ஆளோட கடலுக்குள்ள. ‘கடலுக்கே இது பிடிக்கல’ன்னு எங்க அப்பாயி சொல்லுவா. பிடிக்காத கடல் கையெழுத்துப் போட்டவங்களை விட்டுட்டு ஏழை பாழையைத்தான் கொண்டுபோச்சு.

தனுஷ்கோடி போனா என்ன, ராமேஸ்வரம் இருந்துச்சு. நம்மளை அனுப்புற வேலை நிக்குமா? ‘ராமானுஜம்’னு கப்பல். எங்க அக்கா போனது 1973-ல. தலவாக்கலை ஸ்டேசன்ல ஏத்திவிடப் போனேன். அந்தக் கோச்சிக்கு ரயில்வேக்காரன் என்ன பேரு வச்சானோ, நாங்க வச்ச பேரு ஒப்பாரிக் கோச்சி. கோச்சி கூவுறதுக்கு முந்தி சனம் கூவும். மரப்பெட்டியில சட்டி, ஒலக்கை, சாமிப் படம், எல்லாம் கெடந்துச்சு. மச்சான் கவ்வாத்துக் கத்தியைப் பழந்துணியில சுத்திப் பெட்டிக்கு அடியில வச்சிருந்தாரு. ‘தாய்நாட்டுக்குப் போறீக, அங்க எதுக்கு மச்சான் கவ்வாத்துக் கத்தி, ஆப்பிசு உத்தியோகமே தரப் போறாங்களே’ன்னு நான் இளிச்சேன். அவரு ஒன்னும் சொல்லல. கோச்சி எடுத்தப்புறமும் அக்கா கை ஜன்னலுக்கு வெளியிலயே இருந்துச்சு, வளைவுல மறையிற வரைக்கும். மூணு மாசத்துல கடுதாசி வந்துச்சு. நீலகிரியில தேயிலைத் தோட்டத்துல வேலையாம். அக்கா கொழுந்து எடுக்குறாளாம், மச்சான் கவ்வாத்து வெட்டுறாராம். கடல் தாண்டிப் போயும் அதே செடி. சிரிச்ச நான்தான் முட்டாளு.

இங்க இருந்தவரைக்கும் ‘கள்ளத்தோணி’, அங்க போனதும் ‘சிலோன்காரங்க’. ஏறின கப்பலு மட்டும் ரெண்டு தரமும் சர்க்காரு அனுமதிச்ச கப்பலு. கவனிச்சியாடா? நம்மளைக் கூட்டியாரணும்னப்ப தெனம் கப்பல் இருந்துச்சு. அனுப்பித் தொலைக்கணும்னப்பவும் இருந்துச்சு. சொந்தக் காசுல, புதுச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போவோம்னு நாம கெளம்புறப்பத்தான் வாடை அடிக்குது.

1984-ல சண்டை முத்தினதும் அந்தக் கப்பலும் நின்னுச்சு. இப்ப நெலமை என்ன தெரியுமா? தலைமன்னாருக்கு இந்தியாக்காரங்களே தண்டவாளம் போட்டுக் குடுத்து 2015 மார்ச்சுல கோச்சி ஓட ஆரம்பிச்சுருச்சு. அந்தப் பக்கம் பாம்பன்ல 2025 ஏப்ரல்ல புதுப் பாலம், கப்பல் வந்தா நடுத்துண்டு மேல தூக்கிக் குடுக்குமாம். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் மறுபடி கப்பல் விடணும்னு 2024 டிசம்பர்ல டில்லியில கூட்டறிக்கையும் விட்டாச்சு. பந்தல் போட்டாச்சு, மேளம் வந்தாச்சு, பத்திரிகையும் அடிச்சாச்சு. மாப்பிள்ளையத்தான் காணோம்.

கப்பல் வேணாம், பாலம் வரட்டும்னு காத்திருக்கியா? நல்ல பொறுமைசாலி. 2023-ல ரெண்டு நாடும் சேர்ந்து போட்ட அறிக்கையில அதுவும் இருக்கு, ஆராய்ஞ்சு பாப்பாங்களாம். வானரப்படை அஞ்சே நாள்ல கட்டி முடிச்சதா ராமாயணம் சொல்லுது. அதுக்கு அந்தக் காலத்துல அறிக்கை எழுதத் தெரியல, பாவம்.

நீந்திப் போறியா? வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல போயிட்டுத் திரும்பியும் நீந்தி வந்தாரு. தமிழ்நாட்டுக் குற்றாலீஸ்வரன் 1994-ல கடந்தப்ப வயசு பன்னெண்டு. நீ ஓயாவுல முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு ‘தாத்தா, கையைப் புடி’ன்னவன். அந்த வழியை விடு.

நடக்குறியா? அது நமக்குக் கைவந்த கலை. மலையகம் 200 நெனவா 2023 ஜூலை 28-ல தலைமன்னாருல கெளம்பி, பழைய ஆளுக வந்த தெசையிலயே நடந்து, ஆகஸ்ட் 12-ல மாத்தளைக்கு வந்து சேந்தாங்க நம்ம சனங்க. இருநூறு வருசத்துல நமக்கு ரத்தாகாம ஓடுற ஒரே சர்வீஸ் ரெண்டு காலுதான்.

ஆக, பிளேன்ல போ. பலாலியிலருந்தும் மெட்ராசுக்குப் பறக்குது, ஆனா மறுபடியும் யாழ்ப்பாண பஸ்சு. உனக்குக் கட்டுநாயக்காதான் தோது. அங்கருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம் சொச்சம். பூண்டுலோயாவுலருந்து கட்டுநாயக்கா போகத்தான் அஞ்சாறு மணி நேரம் ஆகும், அதைப் பிளேன்காரன் தலையில கட்டக் கூடாது. தேயிலைத்தூள் ரெண்டு கிலோ எடுத்துக்க. ஆமா, தேயிலைத் தோட்டத்துக்குத்தான் தேயிலை. அங்க காடு காடாக் கொழுந்து எடுத்துப் போட்டுட்டு, ‘நம்ம ஊருத் தூளு மாதிரி வராது’ம்பா அக்கா. குடிச்சுட்டுக் குறை வேற சொல்லுவா, அதையும் வாங்கிக்கிட்டு வா.

இன்னொன்னு. பிளேன்ல போயிட்டுக் கப்பல்ல வந்ததாச் சொல்லு. எங்க அக்கா கேப்பா, ‘கப்பல் ஆடுச்சாடா’ன்னு. ‘ஆடுச்சு அப்பாயி, ரெண்டு தரம் வாந்தி எடுத்தேன்’னு சொல்லு. ராமானுஜத்துல அவ கரை சேருற வரைக்கும் எடுத்தவ, சந்தோசப்படுவா. பொய் சொல்லச் சொல்றேனேன்னு பாக்காத. ஒரு மணி நேரத்துல வந்து எறங்கிட்டேன்னு சொன்னீன்னா, ‘ஒரு மணி நேரந்தானா? பொறவு அம்பது வருசமா ஒன் தாத்தன் ஏன் வரல’ன்னு கேப்பா. அதுக்கு என்கிட்ட பதிலு இல்லடா.

சரி, எந்திரி. அந்தா பாட்டுச் சத்தம் கேக்குது. பஸ்ஸுன்னு பையைத் தூக்கிக்கிட்டு ஓடாத, அது பாண் ஓட்டோ. ரெண்டு மாலு பணிஸ் வாங்கியா. இன்னும் கொஞ்ச நேரம் இங்கனதான் உக்காந்திருப்போம் போல.