அஞ்சு வருஷத்துக்கு இருக்கு, சித்தப்பா

1996இல் நான் ஒரு பழைய டிவிஎஸ் 50 வாங்கியபோது, இன்சூரன்ஸ் எங்கே மலிவு என்று அலையும் வேலையே கிடையாது. நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்று நான்கே கம்பெனிகள், நான்கும் அரசாங்கத்துடையவை. 1973 தொடக்கத்தில் பொதுக் காப்பீடு நாட்டுடைமை ஆனதிலிருந்து அதுதான் நிலைமை. வண்டிக்கு இன்ன தொகை என்று டாரிஃப் புத்தகத்தில் அச்சடித்திருப்பார்கள். எந்த ஆபீஸ் படி ஏறினாலும் அதே தொகைதான். நாம் தேட வேண்டியிருந்தது ஏஜென்டை மட்டும்.

எங்களுக்கு வாய்த்த ஏஜென்ட் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ரெக்ஸின் பை, அதற்குள் கவர் நோட்டுப் புத்தகம், தாளுக்கு நடுவில் நீலக் கார்பன். ஆர்.சி. புக்கைப் பார்த்து இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எழுதிக்கொண்டு, எழுந்துபோய் வண்டிப் பக்கத்தில் குந்தி, துணியால் கிரீஸைத் துடைத்து அதே நம்பர்தானா என்று பார்ப்பார். பிறகு கேட்பார்: "தம்பி, ஆக்ட் மட்டும் போடவா, காம்ப்ரிஹென்சிவ் போடவா? ஆக்ட்டுன்னா நீ யாரையாவது இடிச்சா அவங்களுக்குத்தான் பணம். உன் வண்டி நொறுங்கினா ஒத்தப் பைசா வராது. வெளங்குச்சா?" நான் விளங்கியது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பேனா மூடியைக் கழற்றினார். கவர் நோட்டு அறுபது நாளைக்குச் செல்லும். அதற்குள் பாலிசி தபாலில் வந்துவிடும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் செம்மங்குப்பம், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். கடலூர் - சிதம்பரம் ரோட்டில் கெமிக்கல் டேங்கர் போகும், பஸ் போகும், ஷிப்ட் முடிந்தவர்கள் சைக்கிளில் குறுக்கே வருவார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் நைட் ஷிப்ட் முடிந்து ரோட்டைத் தாண்டும்போது ஒரு மொபெட் இடித்து இடுப்பெலும்பு உடைந்தது. இடித்த பையனும் கூலி வேலைக்காரன். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. நஷ்டஈடு கொடு என்று கோர்ட்டே சொன்னாலும் கொடுக்க அவனிடம் என்ன இருந்தது? அடிபட்டவர் வீட்டில் ஆட்டையும் தோட்டையும் விற்று வைத்தியம் பார்த்தார்கள். ஏஜென்ட் சொன்ன அந்த ஆக்ட்டுக்கு இன்றைய பெயரான தேர்டு பார்ட்டி என்கிற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் போலீஸ் பிடித்தால் முதல்முறை 2,000, மறுமுறை 4,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் சட்டம் திருத்தினார்கள். பையன்கள் அந்த அபராதத்துக்குப் பயந்துதான் கட்டுகிறார்கள். எதற்குப் பயந்து கட்டினாலும் சரி, கட்டட்டும்.

இப்போது என் அண்ணன் மகனுக்கு வருகிறேன். வயசு இருபத்துநாலு. சிப்காட்டில் வேலை. 2022இல் 125 சிசி பைக் எடுத்தான். கடலூரில் தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் ஒரு வீட்டின் கீழ் போர்ஷனில் வாடகைக்கு இருந்தான். நான் அந்த வயசில் கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) வாடகைக்கு இருந்தபோது என்னிடம் இருந்த சாமான்கள் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பம்பு ஸ்டவ், ஒரு டேப் ரெக்கார்டர். மழை வந்தால் மூன்றையும் பரணில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. அவனிடம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, கட்டில் மெத்தை, லேப்டாப், பீரோ. பாதிக்கு மேல் தவணையில் வாங்கியவை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. புயல் போய்விட்டது என்று மூச்சு விட்டபோதுதான் சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்து தென்பெண்ணை கரை புரண்டது. இருட்டில் தண்ணீர் ஏறி, விடிவதற்குள் அவன் வீட்டில் இடுப்பளவு. ஃபிரிட்ஜ் மிதந்து கவிழ்ந்து அடுப்படிக் கதவை அடைத்துக்கொண்டது. சேறு வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். மெத்தையை நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. வாஷிங் மெஷின் டிரம்முக்குள் மண். போர்ட்டிகோவில் இருந்த பைக்கின் டேங்க் மேல் வரைக்கும் சேற்றுக் கோடு.

"பைக்குக்குக் கவலை இல்ல சித்தப்பா. ஷோரூம்லயே அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்தாங்க. 2027 வரைக்கும் இருக்கு" என்றான்.

போனில் இருந்த பாலிசியைத் திறந்து பார்த்தோம். ஐந்து வருஷம் என்பது தேர்டு பார்ட்டிக்கு மட்டும். 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக்குக்கு ஐந்து வருஷம், புது காருக்கு மூன்று வருஷம் தேர்டு பார்ட்டி எடுத்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ரோட்டில் அடிபடுகிறவர்களை நினைத்துச் செய்த நல்ல காரியம். ஆனால் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பாதுகாப்பு, ஓன் டேமேஜ் என்பது, ஷோரூமில் பெரும்பாலும் முதல் வருஷத்துக்கு மட்டுமே போடப்படுகிறது. இவனுக்கு அது 2023இலேயே முடிந்துவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்ன இடம் பாலிசியின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் இருந்த தேதி. டீக்கடை பெஞ்சில் என்னிடம் ஒரு ஆள் கேட்ட அந்த "வெளங்குச்சா" இவனுக்குக் கிடைக்கவில்லை. சின்ன வயசில் வாழ்க்கையில் முதல் வண்டி வாங்குகிற பிள்ளை அந்தக் கட்டத்தைத் தேடிப் படித்திருக்க வேண்டும் என்று அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதே போர்ட்டிகோவில் மாடி போர்ஷன்காரரின் பைக்கும் மூழ்கியிருந்தது. அவர் வருஷா வருஷம் ஓன் டேமேஜைத் தனியாகப் புதுப்பித்து வந்தவர். 2019 செப்டம்பரிலிருந்து அதை மட்டும் தனியாக, வேறு கம்பெனியில்கூட எடுக்கலாம். சர்வேயர் வந்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லி விரலை விட்டுப் பார்த்தார், சேற்றுக் கோட்டைப் படம் எடுத்தார், பிறகு ஒரே கேள்வி: "தண்ணி வடிஞ்சப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" இல்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தேன் என்றார் அவர். அந்த பதிலில்தான் எல்லாம் இருந்தது. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நாம் செய்த சேதம் என்று கழித்துவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்று கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால் தவிர சாதாரண ஃபுல் இன்சூரன்ஸில் அதற்குப் பணம் வராது. கடலூர்க்காரர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள், கிக்கரை மிதிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு அவன் ஒரு பழைய கார் பார்க்க ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவரும் உட்கார்ந்து இன்சூரன்ஸ் தேடினோம். அவன் போனில் இருபது கம்பெனி வரிசையாக வந்து நின்றது. 2000க்குப் பிறகு தனியார் வந்தார்கள், 2007 ஜனவரியில் டாரிஃப் போனது, அதன் பலன் இது. எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் தேர்டு பார்ட்டிக்கு இன்றைக்கும் எங்கேயும் ஒரே தொகைதான். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1இல் வந்த பட்டியல்படி 75க்கு மேல் 150 சிசி வரை பைக்குக்கு வருஷத்துக்கு 714 ரூபாய், 1000 சிசிக்குள் காருக்கு 2,094 ரூபாய், இவற்றுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதில் மலிவு தேடுகிற நேரம் வீண்.

வித்தியாசம் ஓன் டேமேஜில். அங்கேதான் இளசுகள் ஏமாறுகிறார்கள். ஒரே காருக்கு ஒரு கம்பெனி நூற்றுக்கணக்கில் குறைத்துக் காட்டியது. அவன் உடனே அதைத் தொடப் போனான். ஐ.டி.வி. என்று ஒரு எண் இருக்கும், அதைப் பார் என்றேன். கார் திருடு போனாலோ மொத்தமாக நாசமானாலோ கொடுக்கும் உச்சத் தொகை அது. குறைவாகக் கேட்ட கம்பெனி காரின் மதிப்பையும் ஏகத்துக்குக் குறைத்திருந்தது. கிளெய்ம் வந்தால் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகையையும் ஏற்றி வைத்திருந்தது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய ஓனரின் இன்சூரன்ஸில் தேர்டு பார்ட்டி பங்கு சட்டப்படி வண்டியோடு வந்துவிடும். ஓன் டேமேஜ் அப்படி வராது. பதினாலு நாளுக்குள் எழுதிக் கொடுத்து நம் பேருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, நமக்குக் கிடையாது. நாம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் முதல் வருஷம் 20 சதவீதம் தள்ளுபடியில் ஆரம்பித்து 50 சதவீதம் வரைக்கும் போகும். புதுப்பிக்காமல் 90 நாள் தாண்டினால் எல்லாம் போச்சு. மலிவான இன்சூரன்ஸ் வேண்டும் என்கிற இளைஞனுக்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

பைக்கைப் பற்றி அவனிடம் கண்டிப்பாகச் சொன்னது பின்சீட்டு விஷயம். தன் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துத்தான் சிதம்பரம் கோயிலுக்குப் போவான். ஆக்ட் பாலிசி மட்டும் உள்ள வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பின்சீட்டுக்காரருக்கு என்ன வரும் என்று பாலிசியில் பார்க்காமல் அம்மாவை ஏற்றாதே என்றேன். 2025 ஜூலை 8 காலையில் எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு வண்டி, பயணம் என்கிற பேச்சை எங்கள் பக்கத்தில் யாரும் லேசாக எடுப்பதில்லை. ஓட்டுகிற ஓனருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. அவனுக்கு அதையும் போட்டோம். லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேங்க்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் விபத்துக் காப்பீட்டிலும் சேர்த்துவிட்டோம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம்.

ஆனால் என் மனசில் கிடந்து உறுத்தியது வீட்டுச் சாமான்தான். வெள்ளத்துக்குப் பிறகு அரசு ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. அவன் பெயர் செம்மங்குப்பத்தில் அண்ணன் கார்டில் இருந்தது, தனியாக ஒன்றும் வரவில்லை. வீட்டுக்காரர் நல்ல மனுஷர், சுவரைச் சரிசெய்து ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்தார். அவர் கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் வைத்திருந்தாலும் அது குடியிருப்பவர் ஃபிரிட்ஜுக்குச் சேராது. ஆக, நாற்பதாயிரம்கூடப் பெறாத பைக்குக்கு இன்சூரன்ஸ் எங்கே என்று ரோட்டுக்கு ரோடு நிறுத்திக் கேட்கிறார்கள். 2004இல் சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பரில் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் என்று வாங்கிக் கட்டிக்கொண்ட கடலூரில், மூன்று லட்சம் ரூபாய்ச் சாமானோடு கீழ்த்தளத்தில் குடியிருக்கிற பிள்ளையிடம் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிற என் நண்பரின் மகன் வேறு கதை சொல்கிறான். அங்கே இளவயசுக்காரன் என்பதற்காகவும் குடியிருக்கிற ஏரியாவுக்காகவும் கார் இன்சூரன்ஸ் கூடுகிறது. ஆனால் அவன் குடிபோன அபார்ட்மென்டில் குடியிருப்போர் இன்சூரன்ஸைக் காட்டிய பிறகுதான் சாவியையே கொடுத்தார்களாம்.

நம் ஊரிலும் அது இல்லாமல் இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரி வீட்டுப் பாலிசியைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஏற்பாடு செய்தது. சொந்த வீடு வேண்டியதில்லை, வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். தீ, புயல், வெள்ளம், இடி மின்னல், நிலநடுக்கம் எல்லாம் அடக்கம். வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியிருக்கும்போது வீட்டில் திருட்டு நடந்தால், ஏழு நாளுக்குள் என்றால் அதற்கும் உண்டு. மதிப்பைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்பதற்காகக் கிளெய்மை விகிதம் போட்டு வெட்ட மாட்டார்கள். ரொக்கத்துக்குக் கிடையாது, வண்டிக்குக் கிடையாது, நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். அவனுடைய மூன்று லட்சம் ரூபாய்ச் சாமானுக்கு அவன் வருஷத்துக்குக் கட்ட வேண்டிய தொகை பைக் தேர்டு பார்ட்டிக்குக் கட்டுவதைவிடக் குறைவு. இதை அவனுக்கு ஃபிரிட்ஜைத் தவணையில் விற்ற கடையும் சொல்லவில்லை, தவணையைப் பிடிக்கிற பேங்க்கும் சொல்லவில்லை.

இப்போது அவன் பூண்டியாங்குப்பம் பக்கம் வேறு வீட்டுக்கு மாறிவிட்டான். ஒவ்வொரு சாமானையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பில்லோடு சேர்த்து எனக்கும் அனுப்பி வைத்திருக்கிறான். கடலூரில் வாடகை அக்ரிமென்ட் எழுதிக் கொடுக்கிறவரிடம் போனபோது நான் அந்தத் தாளை வாங்கிப் படித்தேன். காலி செய்யும்போது பெயின்ட் செலவு யாருடையது, கரன்ட் பில், ஆணி அடிக்கலாமா கூடாதா என்று எல்லாம் இருந்தது. "குடியிருப்பவர் தன் சாமான்களுக்குத் தானே இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது" என்று ஒரு வரி சேர்த்து டைப் பண்ணுங்கள் என்று கேட்டேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார் என்றார். இவனுடைய அக்ரிமென்டில் சேர்த்துக் கொடுத்தார். மற்றவர்களுக்கும் சேருங்கள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.