டி90 எதிர் 50டி: கல்முனைக் கரையோர இருகமரா விசாரணை

2008 ஓகஸ்ட் 26ஆம் திகதி கெனன் கொம்பனி ‘இஓஎஸ் 50டி’ என்றொரு கமராவை அறிவித்தது. மறுநாள் 27ஆம் திகதி நைக்கோன் கொம்பனி ‘டி90’ என்று இன்னொன்றை அறிவித்தது. அந்த வருடத்து நோன்புக்குத் தலைப்பிறை பார்க்கச் சில நாட்களே இருந்தன. நோன்பு முடிந்தது, பெருநாளும் முடிந்தது, அதற்குப் பிறகு எத்தனையோ பெருநாள் முடிந்துவிட்டது. அந்த இரண்டில் எது நல்லது என்ற வழக்கு மட்டும் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இன்னும் முடியவில்லை. அதை முடித்துவைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

செத்துப்போன கமராவுக்கு எதற்கு ஆய்வு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் 2022ஐ மறந்தவர்கள். அந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. புது மிரர்லெஸ் கமராவின் விலையைக் கேட்டவர்கள் கடைக்காரருக்கு ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்து, கட்டாரிலிருந்து யார் எப்போது என்ன கொண்டுவந்தார்கள், அது இப்போது எந்த அலுமாரிக்குள் கிடக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். பழைய கமரா என்பது எங்கள் பக்கத்தில் ஆசைக்குச் சேர்க்கும் சாமான் அல்ல. கல்யாணத்துக்குப் போய்ச் சம்பாதிக்கும் சாமான்.

வழக்கொழிந்த கருவியை ஆராய்வதற்கு முன்மாதிரியும் எங்களுக்கு அடுத்த ஊரிலேயே இருக்கிறது. சாய்ந்தமருதுக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், யாரும் மீட்டாமற்போன யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். அவருடைய கருவிக்கு நரம்பு, இவ்வாய்வின் கருவிக்கு ஷட்டர் என்பதைத் தவிர முறைமையில் பெரிய வேறுபாடு இல்லை என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். வேறு யாரும் அப்படிக் கருத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னும் பின்னே போக விரும்புவோர், ஆயிரம் வருடத்துக்கு முன் கெய்ரோவில் இருட்டறையும் துளையும் வைத்து ஒளியை விசாரித்த இப்னுல் ஹைதம் வரைக்கும் போகலாம். ‘கிதாபுல் மனாழிர்’ எழுதிய அந்தப் பெரியவருக்கு இருந்தது ஒரே ஒரு இருட்டறை. இரண்டில் எது என்று மச்சான்மார் வந்து அவருக்குத் தலையிடி தரவில்லை.

ஆய்வெல்லை: வடக்கே மருதமுனை, தெற்கே பொத்துவில், மேற்கே சம்மாந்துறை வயல், கிழக்கே கடல். ஆய்வுமுறை: நன்னூலார் எண்ணிச் சொன்ன ஏழு மதங்களில், இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒன்றைத் துணிந்து எடுப்பதும் அடங்கும். அதையே கைக்கொள்கிறோம். வாதிகள் இரு கட்சியார்: கெனன்காரர், நைக்கோன்காரர். சாட்சிகள் பலர். எல்லோரும் உறவினர் என்பதால் சாட்சியத்தின் நம்பகத்தன்மை பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

முதலில் மெகாபிக்ஸல். 50டிக்கு 15.1, டி90க்கு 12.3. கெனன்காரர் இந்த எண்ணைச் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்துவிடுவார், வழக்கு முடிந்தது என்ற பாவனையில். ஆகவே அளவுகோலை எடுக்க வேண்டியதாயிற்று. டி90 படத்தின் நீளப்பக்கம் 4288 புள்ளி, 50டியினது 4752. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் முன்னது 14.3 அங்குலம், பின்னது 15.8 அங்குலம். ஆக மொத்தத் தகராறும் ஒன்றரை அங்குலம். கல்யாண அல்பத்தில் அந்த ஒன்றரை அங்குலத்துக்குள் வருவது பெரும்பாலும் மண்டபத்துத் திரைச்சீலையும், யாரோ ஒரு பொடியனின் பாதி முகமும்தான். அதற்காக 2008இல் அமெரிக்காவில் 50டிக்கு 1399 டொலரும் டி90க்கு ஆயிரத்துக்கு ஐந்து சதம் குறைவாகவும் விலை வைத்தார்கள். அன்றைய டொலர் சுமார் 108 ரூபா. அங்குலத்துக்கு என்ன விலை விழுந்தது என்று வாசகர் பெருக்கிக்கொள்ளலாம்.

புள்ளியைக் கூட்டினால் இன்னொரு கணக்கும் கூடவே வரும். 50டியின் சென்சர் சற்றுச் சிறியது. அதற்குள் கூடுதல் புள்ளியைத் திணித்தபடியால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைவு. பிரெஞ்சு நிறுவனமான டிஎக்ஸ்ஓ, சென்சரை மட்டும் அளந்து போட்ட மதிப்பெண்ணில் டி90க்கு 73உம் 50டிக்கு 63உம் கொடுத்தது. இதன் பொருளை வலீமா இரவில் காணலாம். மண்டபத்தில் ஊதா லைட்டும் பச்சை லைட்டும் மாறி மாறி எரிய, மணமகளின் சாரி என்ன நிறம் என்று அவளுடைய உம்மாவுக்கே சந்தேகம் வரும் நேரத்தில், ஐஎஸ்ஓ 3200இல் 50டி எடுத்த படத்தின் நிழல்களில் குறுமணல் கொட்டியது தெரியும். டி90 படத்திலும் மணல் உண்டு, ஆனால் சல்லடை போட்ட மணல்.

கெனன்காரர் விடமாட்டார். வேகத்தைப் பார் என்பார். நொடிக்கு 6.3 படம் 50டி, 4.5 படம் டி90. இது நியாயமான வாதம், ஆனால் இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் கரைவலை இழுத்து மடி கரையேறும்போதும், அறுகம்பையில் அலை மேல் ஒருவர் நிற்கும் அந்த இரண்டு நொடியிலும் 50டி எடுத்தவர் சிரிப்பார். கல்யாணத்தில் நொடிக்கு ஆறு படம் எடுத்தால் பெரிய மாமி கண்மூடிய படம் ஆறு கிடைக்கும். உடம்பும் அப்படித்தான். 50டி மக்னீசியக் கலப்புலோகக் கூடு. பெட்டரிக் கதவுக்கும் காட் கதவுக்கும் ஈரம் புகாமல் ஓரளவு அடைப்பு வைத்திருக்கிறார்கள். டி90 பிளாஸ்டிக். கடற்கரையில் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. மண்டபத்தில் வேலை செய்பவருக்கு அது கழுத்தில் தொங்கும் கூடுதல் நூறு கிராம்.

இனி வீடியோ. இங்குதான் நைக்கோன்காரர் எழுந்து நிற்பார். வீடியோ எடுத்த முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் டி90தான், அதில் மறுபேச்சில்லை. எப்படி எடுத்தது என்பதில் பேச்சு உண்டு. 720பி அளவு, நொடிக்கு 24 சட்டம், ஒரு துண்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடாது, ஓடும்போது தானாகப் போகஸும் ஆகாது. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கி, பெண்கள் குரவையிட்டு, வாசலில் நின்று பேசி முடித்து உள்ளே காலெடுத்து வைக்கும்போது சரியாக ஐந்து நிமிடம் முடியும். அதைவிட வினோதம், சென்சர் படத்தை ஒரேயடியாக எடுக்காமல் வரிவரியாக மேலிருந்து கீழே வாசிப்பது. கமராவைப் பக்கவாட்டில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் நேராக நிற்பதெல்லாம் சாயும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில், நாகூர் ஆண்டகை பேரில் ஏறும் கொடியையும் கூட்டத்தையும் டி90இல் சுற்றிச் சுழன்று எடுத்துப் பாருங்கள். மினாராவும் கொடிமரமும் ஒன்றையொன்று பார்த்துக் குனியும். நேரில் பார்த்தவர்கள் அவை அசையவேயில்லை என்று சத்தியம் செய்வார்கள்.

50டிக்குப் பிறவியில் வீடியோவே இல்லை. பிற்காலத்தில் ‘மெஜிக் லான்டர்ன்’ என்ற வெளியார் மென்பொருள் அதற்குள் ஒளிந்திருந்த வீடியோவை வெளியே இழுத்துவிட்டது. ஆனால் கமராவுக்குள் மைக் இல்லாதபடியால் வந்தது ஊமைப்படம். இதைக் குறை என்று நைக்கோன்காரர் சொல்வார். சில வீட்டுக் கல்யாணங்களில் பந்தலுக்குப் பின்னால் என்ன பேசப்பட்டது என்று தெரிந்தவர்கள் இதைக் குறை என்று சொல்லமாட்டார்கள்.

நினைவட்டை விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி90க்கு எஸ்டி காட். 32 ஜிபி வரைக்கும் கல்முனை பஸாரில் எந்தப் போன் கடையிலும் கிடைக்கும். 50டிக்குக் கொம்பேக்ட் பிளாஷ். அந்தக் காட்டை மாட்டும் குழிக்குள் 50 ஊசிகள் நிற்கின்றன. அவசரத்தில் காட்டைச் சரித்துச் செருகி ஒரு ஊசியை வளைத்தால் கமரா மௌனம். அன்றைக்குக் கல்யாணம் உங்கள் கையில் இருக்கும், காட் ரீடர் கொழும்பில் இருக்கும்.

ஈரம் பற்றிய சாட்சியத்தில் இரு கட்சியாரும் ஒன்றுபட்டது ஆச்சரியம். மாரிமழை நொவம்பரில் தொடங்கித் தை மாதம் வரைக்கும் நிற்கும்போது லென்ஸ் கண்ணாடிக்குள் பங்கஸ் பிடிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஈரம் குறையும், அதற்குப் பதிலாக மண்தூள் வரும். பங்கஸுக்குக் கெனனும் ஒன்றுதான், நைக்கோனும் ஒன்றுதான். அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் ஊர் வைத்தியத்தை இவ்வாய்வு நிராகரிக்கிறது. அரிசித் தூள் லென்ஸின் ஜூம் வளையத்துக்குள் போய்விடும்; அதற்குப் பிறகு அந்தச் சோற்றைத் தின்பதற்கும் மனம் வராது. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். உள்ளே ஈரப்பதன் 40க்கும் 50 வீதத்துக்கும் இடையில் நின்றால் பங்கஸ் பட்டினி கிடக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை. கமராவை முடிவுசெய்வது லென்ஸ். லென்ஸை முடிவுசெய்வது சொந்தபந்தம்.

கெனன் 1987இல் இஓஎஸ் முறையைக் கொண்டுவந்தபோது போகஸ் மோட்டரை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்தது. ஆகவே கெனன் இஎப் லென்ஸ் எந்தக் கெனன் இஓஎஸ் எஸ்எல்ஆரில் மாட்டினாலும் தானாகப் போகஸ் ஆகும். நைக்கோன் 1959இல் போட்ட அதே எப் மவுண்டை விடாமல் பிடித்துக்கொண்டு, பழைய லென்ஸ்களுக்கான மோட்டரைக் கமராவுக்குள் வைத்தது. பிறகு மலிவுக் கமராக்களான டி40, டி60, டி3000, டி5000 ஆகியவற்றிலிருந்து அந்த மோட்டரை எடுத்துவிட்டது. டி90இல் மோட்டர் இருக்கிறது. இதன் சமூக விளைவை இதுவரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

டி90 வைத்திருப்பவர், டி5000 வைத்திருக்கும் மச்சானின் லென்ஸை இரவல் வாங்கினால் அது வேலை செய்யும். மச்சான் வந்து, “உங்கட அம்பது எம்எம்மை ஒருக்காத் தாங்க” என்று கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். அது அந்தப் பழைய 50 எம்எம் எப் 1.8டி லென்ஸ், 155 கிராம். மச்சானின் கமராவில் மாட்டினால் கையால் திருக வேண்டும். இரவுக்குள் திரும்பி வந்துவிடும்.

“என்ன மச்சான், அதுக்குள்ள கொண்டு வந்திட்டீங்க?”

“போகஸ் ஆகுதில்ல. நீங்களே வெச்சிக்கோங்க.”

கெனன் வீட்டில் நடப்பது வேறு. 130 கிராமில் பிளாஸ்டிக்காக ஒரு 50 எம்எம் எப் 1.8 லென்ஸ் இருக்கிறது. அதை ராத்தாவின் மகன் கேட்டாலும் பூட்டும், சாச்சாவின் மகன் கேட்டாலும் பூட்டும். எல்லோருக்கும் பூட்டுவதால் எல்லோரும் கேட்பார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமை நிந்தவூருக்குப் போய், அங்கிருந்து அட்டாளைச்சேனைக்குப் போய், கடைசியில் யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதற்குள் வாங்கியவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்துவிடும். ஆகவே நைக்கோன் டி90 வாங்குபவரை வளர்க்கும் முறை. கெனன் கொடுப்பவரைச் சோதிக்கும் முறை.

எந்த மச்சான் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அக்கரைப்பற்றில் தங்கி இப்பகுதித் தமிழர், முஸ்லிம்களின் தாய்வழிக் குடிமுறையை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயின் பெருநூல், இவ்விரு கமராவும் பிறந்த அதே 2008இல்தான் வெளிவந்தது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு என்பது எங்கள் வழக்கம். கல்யாணம் முடிந்தால் கமராவும் மாப்பிள்ளையோடு பெண்வீட்டு அலுமாரிக்குப் போகும். அதற்குப் பிறகு சொந்தக் காக்கா என்ன கமரா வைத்திருக்கிறார் என்பதால் பயனில்லை. அவரே வேறு வீட்டு மாப்பிள்ளை. பெண்ணின் சகோதரன், அதாவது தன் கல்யாணம் வரைக்கும் ஒரே வளவுக்குள் இருக்கப்போகிற மச்சான், எந்தக் கட்சி என்பதே முடிவான சான்று. பேச்சுவார்த்தைக்கு வரும் பெரியவர்கள் சீதனம், வளவு எல்லாம் கேட்கிறார்கள். லென்ஸ் மவுண்ட் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. இது சீர்திருத்தப்பட வேண்டிய குறை.

துணிபு: மண்டபம், வலீமா, வீட்டு விசேஷம் என்று உழைப்பவருக்கு டி90. கடற்கரை, அறுகம்பை, பறவை என்று திரிபவருக்கு 50டி. பெண்வீட்டு மச்சான் கெனன்காரராக இருந்தால் மேற்சொன்ன இரண்டும் செல்லாது, 50டியே வாங்க வேண்டும்.

வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. டி90 என்றால், விற்பவரிடம் அன்றைக்கு எடுத்த ஒரு ஜேபெக் படத்தைக் கேட்டு வாங்குங்கள். இதுவரை எத்தனை தடவை ஷட்டர் அடித்தது என்ற எண் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும். இலவச மென்பொருளில் பார்க்கலாம். 50டி அந்த எண்ணைப் படத்துக்குள் எழுதுவதில்லை. கேபிள் பூட்டிக் கணினியில்தான் பார்க்க வேண்டும், மடிக்கணினியோடு போங்கள். இரண்டின் ஷட்டருக்கும் கொம்பனி சொன்ன ஆயுள் ஓர் இலட்சம் அடி. அதைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 50டியோடு காட் ரீடரும் சேர்த்துத் தராவிட்டால் காசை எடுக்காதீர்கள்.